எட்டுப் பேருக்கு ஒரே நாக்கு

ஜூலை 1, திங்கள்

என் மூத்த பேரன் சிவசைலம் ஓசூரில் ஒரு கம்பெனியில் நாற்பது பேரை மேய்க்கிறான். வயது இருபத்தாறு. அவன் தங்கை ஆனந்தவல்லி மதுரையில் நர்ஸ் படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கி, இப்போது அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். மகள் வீட்டு நெல்லையப்பன் கபடியில் மாநில அளவுக்கு ஆடி, முட்டியை உடைத்துக்கொண்டு, உடைந்த முட்டியோடு கோப்பையும் வாங்கி வந்தான். சின்னவள் உலகம்மை மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. ஒன்றுகூட உருப்படாமல் போகவில்லை. எல்லாம் என் மடியில் வளர்ந்தவை.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், இன்றைக்கு ஜெனிட்டா மேடம் என்று ஒரு பெண் வந்து இந்த நோட்டைக் கையில் கொடுத்தாள். மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அதிகாரியாம். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். நோட்டு அட்டையில் ‘தலைமைப் பண்பு: நம்பிக்கையும் பொறுப்பேற்பும்’ என்று அச்சடித்திருக்கிறது. குழுத் தலைவிகள் எல்லாரும் ஒரு மாதம் எழுத வேண்டுமாம்.

“உங்க குழுவோட நம்பிக்கைய எப்படிச் சம்பாதிக்கீங்கன்னு தினமும் நாலு வரி எழுதுங்க ஆச்சி.”

“நான் அஞ்சாப்புதான் தாயி.”

“அது போதும் ஆச்சி.”

போதும் என்று எனக்குத் தெரியாதா. இவள் பிறப்பதற்கு முன்னாலேயே நாற்பது பேருக்கு உலை வைத்தவள் நான்.

குழு தொடங்கிப் பதினான்கு வருஷம். அன்றிலிருந்து நான்தான் தலைவி. எட்டுப் பேர் இருக்கிறோம். மூன்று பள்ளிக்கூடங்களுக்குக் காலைச் சாப்பாடு எங்கள் சமையல்கூடத்திலிருந்துதான் போகிறது. நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். என் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. சமைக்கிறவள் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பிள்ளைகள் தின்பதற்கு முன்னால் அடுப்பங்கரையில் எச்சில் படக் கூடாது. நான் ஒருத்திதான் தனிக் கிண்ணத்தில் ருசி பார்ப்பேன். நான் “இறக்கு” என்றால் இறங்கும். இல்லையென்றால் கொதிக்கும். பதிவேட்டில் ‘ருசி பார்த்தவர்’ என்ற இடத்தில் பதினான்கு வருஷமாக என் கையெழுத்துதான்.

போன மாதம் மட்டும் பத்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் இவளுகள் கையில் இருந்த ருசியெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

நம்பிக்கையைச் சம்பாதிப்பதாம். இதை வைத்துக்கொண்டு எங்கே சம்பாதிக்க.

ஜூலை 2, செவ்வாய்

சேமியா கிச்சடி. உப்பில்லை. போடச் சொன்னேன். அப்புறமும் இல்லை. போடச் சொன்னேன்.

ஜூலை 3, புதன்

வெண்பொங்கலுக்கு ஊற்றிய நெய்யில் வாசமே இல்லை. டின்னை எடுத்து வரச் சொல்லி மோந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீரை மோந்து பார்த்த மாதிரி இருக்கிறது. கடைக்காரன் எதையோ கலந்து கொடுக்கிறான். வடிவைக் கூப்பிட்டேன். சண்முகவடிவு என் கூடவே குழு தொடங்கினவள், எனக்கு அடுத்தவள். டின்னுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தாள்.

“வாசம் நல்லாத்தான இருக்குக்கா” என்றாள்.

“உன் மூக்குக்கு எதுதான் நல்லா இருக்காது” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரியாத்தான்க்கா இருக்கும்” என்றாள் உடனே. வடிவு என்றைக்கும் அப்படித்தான். குனியச் சொன்னால் படுத்துவிடுவாள்.

ஜூலை 5, வெள்ளி

பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து சாம்பார் வாளி பாதிக்குப் பாதி திரும்பி வந்தது. பெரிய டீச்சர் போனில் பேசினாள்.

“ஒரே கரிப்பா இருக்கும்மா. பிள்ளைகள் தண்ணிய குடிச்சுட்டு உக்காந்திருக்கு. ஜூன்ல நல்லா இருந்துச்சே, என்ன ஆச்சு?”

ஜூனில் நல்லா இருந்ததாம். நான் படுத்திருந்த அந்தப் பத்து நாளும் வடிவுதான் ருசி பார்த்தாள். பாடம் நடத்தத் தெரிந்த டீச்சர் எல்லாருக்கும் நாக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

முப்பிடாதி இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறாள். அவள்தான் சாம்பார் அடுப்பில் நிற்பவள். முப்பது வயது ஆகவில்லை. புருஷன் லாரியில் ஓடுகிறான். மகள் அதே பெரிய பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. கூப்பிட்டுக் கேட்டேன்.

“நீங்கதான ஆச்சி ரெண்டு மட்டம் போடச் சொன்னீய” என்றாள்.

வாய்க்கு வாய் பதில். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அடுப்புச் சூடு நாக்குக்கு ஏறிவிடுகிறது. எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, “கை சும்மா இருந்தா வாயும் சும்மா இருக்கணும்” என்று சொல்லி அனுப்பினேன். தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் தேய்க்கப் போனாள்.

ஜூலை 7, ஞாயிறு

அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். மருமகள் கனகலெட்சுமி கொல்லையிலிருந்து ஓடி வந்து இறக்கினாள்.

“தெரு முக்கு வரைக்கும் நாத்தம் வருது, உங்களுக்குத் தெரியலயா அத்த?”

குழு விஷயமாக யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். பொறுப்பில் இருக்கிறவளுக்கு ஆயிரம் யோசனை இருக்கும். வீட்டில் இருக்கிறவளுக்கு அது எங்கே புரியப் போகிறது.

ஜூலை 10, புதன்

வடிவைப் பழக்கிவிடுவது நல்லது என்று தோன்றியது. நாளைக்கே நான் ஊருக்குப் போகலாம், காய்ச்சல் வரலாம். அதனால் இன்றைக்குக் கிண்ணத்தை அவளிடம் கொடுத்தேன். “பாத்துச் சொல்லு” என்றேன்.

“அமிர்தம்க்கா.”

“உப்பு?”

“நீங்க போட்டா போட்டதுதான்க்கா.”

“ஏட்டி, கூடவா கொறைவா?”

என் முகத்தைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். “சரியா இருக்குக்கா” என்றாள்.

ஏழு பேரையும் ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். ஏழு பேரும் என் முகத்தைப் பார்த்துத்தான் ருசி சொல்கிறார்கள். பதினான்கு வருஷம் கூடவே வைத்து வளர்த்தும் ஒருத்திக்கும் சொந்தமாக ஒரு நாக்கு முளைக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

இனிமேல் எல்லாம் அளவுதான். இத்தனை படி ரவைக்கு இத்தனை கை உப்பு. ருசி கிசி என்று நேரத்தை வீணாக்குவதில்லை.

ஜூலை 16, செவ்வாய்

நான்கு நாளாகப் புகார் இல்லை. பார்த்தாயா.

விடிகாலையில் இரண்டு நாளாகக் கரண்ட் நிற்கிறது. ட்ரான்ஸ்பார்மர் கோளாறாம். கிரைண்டர் ஓடாமல் நேற்று சட்னி இல்லாமல் போனது. நாளைக்குச் சாயங்காலமே வியாழக்கிழமைச் சட்னிக்குத் தேங்காயை அரைத்து வைக்கச் சொல்ல வேண்டும்.

ஜூலை 17, புதன்

சொன்னேன். முப்பிடாதி நெற்றியைச் சுருக்கினாள்.

“ஆச்சி, அரைச்ச தேங்கா விடிய வரைக்கும் நிக்காது.”

“தண்ணித் தொட்டிக்குள்ள தூக்குவாளிய வையி.”

“வெக்க கடுமையா இருக்கு ஆச்சி.”

“அரைன்னா அரை.”

அரைத்தாள். தலைவி என்று ஒருத்தி இருப்பதே இதற்குத்தான். ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் மதியம்தான் சாப்பிடும்.

ஜூலை 18, வியாழன்

காலையில் தூக்கைத் திறந்த முப்பிடாதி என்னைக் கூப்பிட்டாள்.

“ஆச்சி, புளிச்ச வாட அடிக்கி. ஒரு வாட்டி பாருங்க.”

கிண்ணத்தில் எடுத்து நாக்கில் வைத்தேன். ஒன்றும் இல்லை. புது வேலையாக மறுபடி தேங்காய் உடைக்க அவளுக்குச் சோம்பல் இல்லை, உடைத்துவிடுகிறேன் என்றுதான் சொன்னாள். ஆனால் மணி ஆறே முக்கால். வண்டி ஏழேகாலுக்கு வந்துவிடும். வடிவு பக்கத்தில் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். என்ன என்று கேட்டேன். “சளிக்கா” என்றாள்.

“ஒரு வாடையும் இல்ல. தாளிச்சு அனுப்பு” என்றேன். பதிவேட்டில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதேகாலுக்குப் போன் வந்தது. பெரிய பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது பிள்ளைகள் வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானத்துக்குள் எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள். தாங்கள் பெற்ற பிள்ளை வாந்தி எடுத்ததையே பார்க்காதவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்தினார்கள்.

பத்தொன்பதில் ஒன்று முப்பிடாதியின் மகள்.

சாயங்காலம் மேலிடத்திலிருந்து ஆள் வந்து, யார் பொறுப்பு என்று எழுதிக் கேட்டார்கள். ‘தேங்காயை முந்தின நாளே அரைத்து வைத்தவர் மு. முப்பிடாதி’ என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை. அவள்தான் அரைத்தாள். அரைக்கச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் வர வேண்டாம் என்று முப்பிடாதியிடம் சொன்னேன். இருபத்தாறாம் தேதி விசாரணை. அதில் அவள்மேல்தான் தப்பு என்று முடிவானால், இனி எந்தப் பள்ளிக்கூடச் சமையலிலும் அவளைச் சேர்க்க மாட்டார்களாம். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. இடுப்பில் செருகியிருந்த கைப்பிடித் துணியை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு, “அடுப்ப அணைச்சிட்டேன் ஆச்சி” என்று சொல்லிவிட்டுப் போனாள். அழுதிருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

ஜூலை 20, சனி

அவள் வீடு இருக்கிற தெரு வழியாக வராமல் கோயில் தெருவைச் சுற்றி வீட்டுக்கு வந்தேன். தூரம் அதிகம். நடப்பது உடம்புக்கு நல்லது.

தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தை மற்றவர்கள் ஒதுக்கி வைத்தார்களாம். கை விஷமாம். வடிவு வந்து சொன்னாள். இந்த ஊர்க்காரிகளுக்கு மூளை கிடையாது. எந்தக் கையில் விஷம் இருக்கும்.

ஜூலை 21, ஞாயிறு

கூடத்துச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. யாரும் இல்லாதபோது போய்ச் சாமான் அறையைச் சரிபார்த்தேன். பெருங்காயக் கட்டியை உடைத்து மோந்தேன். பழைய சரக்கு. புது டப்பாவை உடைத்தேன். அதுவும் பழசுதான் போலிருக்கிறது. கற்பூரத்தைப் பிரித்தேன். மண்ணெண்ணெய்க் கேனைத் திறந்தேன். இந்தக் காலத்தில் எதிலும் சத்தில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மருமகள் இரண்டு கிண்ணத்தில் ரசம் வைத்தாள்.

“இதுல ஒண்ணுல உப்பு போடல அத்த. எதுன்னு சொல்லுங்க.”

மாமியாருக்குப் பரீட்சை வைக்கிறாள். குடித்துப் பார்த்து இடது கிண்ணம் என்று சொன்னேன். அவள் எதிரில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள்.

“ரெண்டுலயும் போட்டிருக்கேன். நான் பொய் சொன்னேன் அத்த, மன்னிச்சுக்கோங்க. ஆனந்திகிட்ட போன்ல கேட்டேன். காய்ச்சலுக்கு அப்புறம் சில பேருக்கு மணமும் ருசியும் போயிருமாம். திரும்பி வந்தாலும் வருமாம், நாளாகுமாம். யார்ட்டயாவது சொல்லணும் அத்த.”

தங்கப் பதக்கம் வாங்கினவள் தன் வேலையைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினேன். ரசத்தைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வெந்நீர்.

ஜூலை 23, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 25, வியாழன்

முப்பிடாதி இடத்தில் குழுவிலிருந்தே கோமதியை நிறுத்தினேன். வெந்ததா வேகவில்லையா என்று தெரியாமல் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். “நீயே பாரேன்” என்று என் வாயில் வந்துவிட்டது. அவள் பயந்துபோய் “எச்சி ஆச்சி” என்றாள்.

நாளைக்கு விசாரணை. வடிவு காதோடு சொன்னாள்: “நீங்க கவலப்படாதீங்கக்கா. நாங்க எல்லாரும் ஒங்க பக்கந்தான்.”

ஆறு பேர் என் பக்கம் நிற்கிறார்கள் என்றால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கென்னவோ எரிச்சலாக வந்தது.

ஜூலை 26, வெள்ளி

கூடத்திலேயே பாய் விரித்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். ஜெனிட்டா மேடம்தான் விசாரிக்க வந்திருந்தாள். நான் எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்திருந்தாள். முப்பிடாதி கதவுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், வெளியாள் மாதிரி.

மேடம் முதலில் வடிவைக் கேட்டாள். வடிவு ஒப்பிப்பது போலச் சொன்னாள்: “அக்கா பதினாலு வருசமா ருசி பாக்காவ. அவுக நாக்கு தப்பாது மேடம்.”

அப்புறம் முப்பிடாதியை.

“நீங்க அரைச்சு வச்சீங்களா?”

“ஆமா மேடம்.”

“தண்ணித் தொட்டியில வச்சீங்களா?”

“வச்சேன்.”

“காலையில கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியலயா?”

அவள் மேடத்தை நேராகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“வாட வந்த மாதிரி இருந்துச்சு மேடம். ஆச்சிகிட்ட சொன்னேன். ஆச்சி வாயில வச்சுப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னாவ. ஆச்சியே சொன்ன பிறகு எனக்குத்தான் மூக்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அந்த நெனப்புலதான் எம் பிள்ளையும் அதத் தின்னட்டும்னு விட்டேன். இப்பவும் எனக்குத் தெரியல மேடம். எம் மூக்குல கோளாறுன்னா நான் அடுப்புல நிக்கக் கூடாதுதான். எழுதிக்கோங்க.”

மேடம் பேனாவைத் திறந்தாள்.

நன்றாக இருந்த ஒரு மூக்கை, கெட்டுப்போனது என்று நம்ப வைத்திருக்கிறேன். இதற்கு ஒரு பயிற்சி கொடுப்பார்கள் என்றால் நானே போய்ப் பாடம் எடுக்கலாம்.

“அந்தத் தாள இங்க குடுங்க தாயி” என்றேன்.

“எதுக்கு ஆச்சி?”

“குடுங்கன்னா.”

வாங்கினேன். முப்பிடாதி பெயரை அடித்தேன். மேலே என் பெயரை முழுசாக, சு. ஆவுடையம்மாள் என்று எழுதினேன். அரைக்கச் சொன்னது நான். வாடை வருகிறது என்று சொன்னபோது அனுப்பச் சொன்னது நான். காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு மணமும் இல்லை ருசியும் இல்லை. உப்பும் சர்க்கரையும் எனக்கு ஒன்று. தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். இதை எழுதவில்லை, வாயால் சொன்னேன். எழுதினால் எழுத்துப் பிழை வரும்.

மேடம் முகத்தில் ஒரு பாடப்புத்தகமும் இல்லை.

“ஏன் ஆச்சி முன்னாடியே சொல்லல?”

“சொன்னா அப்புறம் யாரு எம் பேச்சக் கேப்பா?”

பின்னாலிருந்து கோமதி சொன்னாள்: “இம்புட்டு நாளு மட்டும் கேட்டமாக்கும்.”

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் உப்புப் போடச் சொன்ன ஒவ்வொரு நாளும், நான் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் திரும்பியதும், ஒருத்தி வெந்நீரை ஊற்றியிருக்கிறாள். ஒருத்தி உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டிருக்கிறாள். வாசலில் ஒருத்தி காவல். ஐந்தாம் தேதி மட்டும் நான் அடுப்பை விட்டு நகராததால் ஊற்ற முடியாமல் போனதாம். என் அளவுக் கணக்கினால் நான்கு நாள் புகார் வரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறேனே, அது இவளுகள் ஊற்றிய வெந்நீர்.

“அப்ப அன்னைக்கு ஏன்ட்டி விட்டீய?” என்று கேட்டேன்.

“சட்னில என்னத்தப் போட்டு மாத்த” என்றாள் கோமதி. “சட்டப்படி வாயிலயும் வைக்கக் கூடாது.”

வடிவு முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தாள். “எனக்குச் சளி இல்லக்கா அன்னைக்கு” என்றாள். “வாட தெரிஞ்சுச்சு. ஒங்கள எதுத்துச் சொல்லப் பயந்துட்டேன். எம் பேரையும் எழுதுங்க மேடம்.”

“எழுதிருவோம்” என்றேன். தாள் என் கையில்தான் இருந்தது. என் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் எழுதினேன். பதினான்கு வருஷத்தில் அவள் எனக்கு எதிராகச் சொன்ன முதல் வார்த்தை அது. அதையும் அழுதுகொண்டுதான் சொல்கிறாள்.

முப்பிடாதி மட்டும் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். காலில் விழப்போகிறாள் என்று நினைத்து, “போடி அங்குட்டு” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“எம் பிள்ள அன்னையில இருந்து நான் செஞ்ச எதையும் தின்ன மாட்டேங்குது ஆச்சி” என்றாள். “நீங்க வந்து அதுகிட்ட சொல்லணும்.”

மன்னிப்பும் இல்லை, திட்டும் இல்லை. வேலை சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 27, சனி

போனேன். அந்தச் சிறுக்கி ஏழு வயது. கதவுக்குப் பின்னால் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தது.

“ஒங்கம்ம சரியாத்தான் சொன்னா. ஆச்சிதான் தப்பா அனுப்பிட்டேன்” என்றேன்.

“ஏன்?”

“ஆச்சிக்கு நாக்கு வேல செய்யல.”

“அப்ப ஏன் நீங்க ருசி பாத்தீங்க?”

மேலிடத்திலிருந்து வந்தவர்கள் ஒருத்தரும் கேட்காத கேள்வி. முப்பிடாதி தட்டில் இரண்டு தோசை கொண்டு வந்து வைத்தாள். நான் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். பிள்ளை என் வாயையே பார்த்தது. ருசியா என்று கேட்டது. “தெரியல, நீ தின்னுட்டுச் சொல்லு” என்றேன். யோசித்தது. பிறகு ஒரு துண்டைத் தின்றது. “உப்பு கம்மி” என்றது.

முப்பிடாதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 29, திங்கள்

முடிவு வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு நான் தலைவி இல்லை. கையெழுத்துப் போடும் உரிமையும் இல்லை. வடிவுக்கு எழுத்தில் எச்சரிக்கை. முப்பிடாதிமேல் ஒன்றுமில்லை, இன்றைக்கே அடுப்புக்கு வந்துவிட்டாள். கோமதியைத் தலைவியாக்கினார்கள். கிழக்கு எது மேற்கு எது என்று கேட்டால் யோசிக்கிறவள். முதல் வேலையாக என் சட்டத்தைத் தூக்கிப் போட்டாள். சமைத்தவளே தனிக் கிண்ணத்தில் எடுத்து முதலில் ருசி பார்க்க வேண்டுமாம். அடுத்து இன்னும் இரண்டு பேர். மூன்று பேரில் ஒருத்தி “இறக்காதே” என்றாலும் இறங்காது.

எனக்குக் காய் நறுக்கும் வேலை. பூசணிக்காயைப் பெரிதாக நறுக்குகிறேன் என்று குறை சொன்னாள் ஒருத்தி. பதினான்கு வருஷம் கழித்து இவளுகளுக்கு வாய் முளைத்துவிட்டது. எல்லாம் ஒரே நேரத்தில்.

ஜூலை 31, புதன்

இன்றைக்கு வெண்பொங்கல். முப்பிடாதி கிண்ணத்தில் எடுத்துப் பார்த்தாள். அடுத்து வடிவு பார்த்தாள். என் முகத்தைத் திரும்பிப் பார்க்க வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டு, “மிளகு பத்தல” என்றாள். முப்பிடாதி “பத்தும்” என்றாள். இரண்டு பேரும் அடுப்பை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். வண்டி ஐந்து நிமிஷம் தாமதம். என் காலத்தில் ஒரு நாள் தாமதமானது கிடையாது. ஆனால் மூன்று பள்ளிக்கூடத்து வாளியும் வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தது.

பெரிய பள்ளிக்கூடத்து வாசல் பலகையில் எங்கள் குழுவின் படம் ஒட்டியிருக்கிறது என்று கோமதி சொன்னாள். நான் கரண்டியோடு நடுவில் நிற்க, மற்றவர்கள் எனக்குப் பின்னால் தலை மட்டும் தெரிகிற படம். அது இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலையில் முப்பிடாதி கிண்ணத்தை வாயில் வைக்கும்போது புதுசாக ஒரு படம் எடுத்து அங்கே ஒட்டச் சொன்னேன். அவள் மகள் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் வகுப்புக்குப் போகிறது. படத்தில் ஓரமாகக் காய் நறுக்குகிறவள் தெரிந்தால் தெரியட்டும், வெட்ட வேண்டாம் என்றும் சொன்னேன்.